பிழைதிருத்தம், பக்கம் பதினேழு

அப்புத்தளையில் காற்றுக்கு இரண்டு வாசல்.
ஒன்றில் தெற்குச் சமவெளியின் சூடு ஏறி வரும்,
மற்றதில் ஊவாவின் மூடுபனி.
இரண்டுக்கும் நடுவே
மின்சார சபைக் காரியாலயத்துக்குப் பின்னால்
உங்கள் றேடியோவின் ஏரியலை
ஒரு கொய்யா மரம் பிடித்துக்கொண்டிருந்தது.

இரவு பன்னிரண்டேகாலுக்கு ஜாஸ்.
சிற்றலையில், கடல் தாண்டி வந்து மலையில் இடறி,
பாதி சக்ஸபோன், பாதி எண்ணெய் கொதிக்கும் சத்தம்.
பகலெல்லாம் கவுண்டரில் பில் வாங்கி
சில்லறை எண்ணிய விரல்கள்
போர்வைக்குள் டயலைத் திருப்பும்.
கரன்ட் போனால் ஊரே உங்களைத்தான் ஏசும்.
உங்கள் றேடியோவுக்கு நான்கு பற்றறி.

மாதம் ஒரு கட்டுரை.
பண்டாரவளையில் என் அச்சகத்துக்கு
கோச்சி கார்டின் கையில் வரும்,
பாண் சுற்றிய தாளுக்குள்.
முந்நூறு பிரதி.
வாசிப்பவர்கள் நாற்பது பேர் என்றேன்.
முப்பத்தெட்டு என்று திருத்தி எழுதினீர்கள்,
இரண்டு பேர் செத்துப்போனார்களாம்.

சண்டையும் பிடித்திருக்கிறோம்.
உங்களால் என் பெட்டியில் 'ட்' தீர்ந்துகொண்டே இருந்தது.
ட்ரம்பெட், ட்ரொம்போன், குவார்டெட், குவின்டெட்.
'குழல்' என்று மாற்றலாமா என்று கேட்டேன்.
அது குழல் இல்லை என்றீர்கள்.
'ட்' வாங்கக் கொழும்புக்குப் போனேன்.

ப்ளூ நோட்டுக்கு 'நீலச் சுரம்' என்று கோர்த்தேன்.
வெட்டிவிட்டு 'கன்றிய சுரம்' என்றீர்கள்.
அடிபட்டவள் நிறத்தைப் பார்ப்பதில்லை,
தொட்டுத்தான் பார்ப்பாள் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு.
ஸ்விங்குக்குச் சொல்லே கிடைக்கவில்லை.
'கொழுந்து நிறுக்கையில் தராசு முள்
நிற்பதற்கு முன் ஆடுமே, அது'
என்று ஒரு வரி போட்டு நகர்ந்துவிட்டீர்கள்.
அந்த முள்ளையே பார்த்தபடி
உங்கள் அம்மா நின்ற கதையை எழுதவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஒரு முறை ட்ரம்பெட் ஒன்று
பாதியில் மறைந்தது.
பதினொரு வினாடி.
மலை விழுங்கிய அந்த நேரத்துக்குள்
அந்த மனிதர் என்னவெல்லாம் வாசித்திருப்பார் என்று
ஒரு முழுப் பக்கம் எழுதினீர்கள்.
என் கையால் கோர்த்ததில்
அதைவிட நல்ல பக்கம் இல்லை.
ஒன்பது வருடம் கழித்து
யாரோ இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.
அடுத்த இதழில், பக்கம் பதினேழில், அடியில்:
'பிழைதிருத்தம். அது என் றேடியோவின் குற்றமல்ல.
அந்த இடத்தில் அவர் வாசிக்கவே இல்லை.'

மரண அறிவித்தலையும் நானே கோர்த்தேன்.
ச. அற்புதமலர். கீழே என்ன போடுவது
என்று உங்கள் தம்பி கேட்டார்.
'ஓய்வுபெற்ற காசாளர்' என்று போட்டோம்.
இன்னும் இரண்டு சொல்லுக்கு இடம் இருந்தது.

வியாழக்கிழமை. மழை இல்லை.
கோயில் பாண்ட்காரர்கள் ஐந்து பேர்.
ட்ரம்பெட் ஊதும் பொடியனுக்கு உதட்டில் வெடிப்பு.
கடவையில் கேற் விழுந்தது,
பதுளைக் கோச்சி வழக்கம்போலப் பிந்தி.
பெட்டியைத் தோளில் வைத்தபடி
ஆறு பேர் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்றோம்.
நிறுத்துவதா தொடர்வதா என்று தெரியாமல்
முதலில் பெரிய மேளம் விட்டது,
பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக.
பொடியன் மட்டும்
வாயிலிருந்து எடுக்காமல், ஊதாமல்.

கோச்சி போனது. ஜன்னலோரம் யாரோ
வடை தின்றுகொண்டு எங்களைப் பார்த்தார்கள்.
கேற் எழும்ப முன்பே அவன் தொடங்கினான்,
பாட்டில் இல்லாத ஒரு சுரத்தில்.
உதடுதான் காரணமாக இருக்கும்.
கன்றித்தான் இருந்தது.

எத்தனை வினாடி என்று கேட்பீர்கள்.
எண்ணவில்லை, மலர்.
தோள் வலித்தது,
கால் மாற்றிக்கொண்டிருந்தேன்.